சித்தம்பூண்டிப் பாறையும் விண்வெளி வினாக்களும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பள்ளிகளில் விண்வெளி வினாடி வினாக்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மெல்ல இறங்கியது. அந்த நாள் தேசிய விண்வெளி நாளாக அறிவிக்கப்பட்டு, 2024 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. கலம் இறங்கிய ஒன்பதாம் நாளே, செப்டம்பர் 1 அன்று, மத்திய அரசின் ‘மைகவ்’ தளத்தில் சந்திரயான்-3 மகா வினாடி வினா தொடங்கப்பட்டது. பத்து வினாக்கள், 300 விநாடிகள்.

ஒரு வினாவுக்கு அரை நிமிடம் என்பது கணக்கு. அரை நிமிடத்தில் நினைவின் அடுக்கிலிருந்து ஒரு பெயரையோ ஆண்டையோ எடுத்துத் தரலாம். ஒன்றைக் குறித்து யோசித்து முடிவுக்கு வர அந்த நேரம் போதாது. இத்தகைய போட்டிகள் ஆர்வத்தைத் தூண்டுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், விண்வெளி குறித்த பொது அறிவு என்று நாம் எதைச் சோதிக்கிறோம், அந்தச் சோதனை வகுப்பறையில் எதை விளைவிக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சேலம், நாமக்கல் வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் இப்போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. சந்திரயான்-1 ஏவப்பட்ட நாள் 2008 அக்டோபர் 22 என்பதையும், அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை என்பதையும், சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் என்பதையும் வினா முடிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள் மாணவர்கள். ‘விக்ரம் இறங்கிய அன்று மாலை நம் ஊர் வானில் நிலவு எந்த வடிவில் தெரிந்தது? இறங்குவதற்கு அந்த நாள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?’ என்று கேட்டால் அரங்கம் அமைதியாகிவிடுகிறது. குறை மாணவர்களுடையது அன்று. கேட்கப்படாத வினாவுக்கு எவரும் தயாராவதில்லை.

தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கிறது. தேர்வு கேட்காதது பாடநூலில் இருந்தாலும் இல்லாததற்குச் சமம். இந்த உண்மையை நாமக்கல்லைவிட நன்கறிந்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இருக்க முடியாது. நிலவில் இறங்கும் கலத்தைச் சோதித்துப் பார்க்கப் பாறை தந்த மண் அதுவே. மதிப்பெண்ணை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்த மண்ணும் அதுவே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும்.

காலடியில் கிடக்கும் நிலவு

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கே நிலத்தின் மேலேயே வெளிறிய நிறப் பாறைகள் தலைநீட்டி நிற்கும். அனார்த்தோசைட் எனப்படும் இந்தப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. இப்பாறைக்குள் கிடைக்கும் குருந்தக்கல்லுக்காக இப்பகுதியை இரண்டு நூற்றாண்டுகளாகப் புவியியலாளர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று வழங்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். ஒருங்கிணைந்த சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில், 1956இல், ஏ.பி.சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதி குறித்து எழுதிய ஆய்வுக் கட்டுரை அமெரிக்கப் புவியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாகி உலகக் கவனத்தைப் பெற்றது.

இதற்கும் நிலவுக்கும் என்ன தொடர்பு? வெறுங்கண்ணால் பார்க்கும்போது நிலவில் கருமையாகத் தெரிபவை எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். வெளிச்சமாகத் தெரிபவை மேட்டுநிலங்கள். அந்த மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் பாறையால் ஆனவை. 1969இல் அப்போலோ-11 கொண்டுவந்த மண்ணில் இதன் சிறு துணுக்குகள் கிடைத்தன. 1971இல் அப்போலோ-15 வீரர்கள் இதே வகைப் பாறைத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்து வந்தார்கள். பூமியிலும் அனார்த்தோசைட் பல இடங்களில் உண்டு. ஆனால், நிலவுப் பாறையைப் போலக் கால்சியம் மிகுந்த வகை அரிது. சித்தம்பூண்டியில் கிடைப்பது அந்த அரிய வகை.

சந்திரயான்-2 திட்டம் உருவானபோது தரையிறங்கு கலத்தின் கால்களையும் பிரக்யான் ஊர்தியின் சக்கரங்களையும் சோதிக்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலவு மண் தேவைப்பட்டது. அசல் நிலவு மண் கிடைக்கப்போவதில்லை. அதற்கு ஈடான செயற்கை மண்ணை வெளிநாட்டிலிருந்து வாங்குவது பெருஞ்செலவு. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இஸ்ரோவுடன் இணைந்தன. சித்தம்பூண்டிப் பாறையை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுகளுக்கு ஏற்பக் கலந்து தயாரிக்கும் முறைக்கு 2014இல் காப்புரிமை கோரப்பட்டது. 2020இல் அது வழங்கப்பட்டது. இவ்வாறு ஏறத்தாழ 50 டன் மண் அனுப்பப்பட்டதாகப் பல்கலைக்கழகத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பி, நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே என்பதால் ஊர்தியின் எடையை ஹீலியம் பலூன் கட்டிக் குறைத்து, ஓட்டிப் பார்த்தார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. நிலவில் இறங்கிய 26 கிலோ எடையுள்ள பிரக்யான், ஏறத்தாழ 103 மீட்டர் தூரப் பயணத்தில் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயின. அங்கே இருந்ததும் அனார்த்தோசைட்டின் குடும்பத்தைச் சேர்ந்த மண்ணே. நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது. கனமான கனிமங்கள் அடியில் தங்க, கனம் குறைந்த அனார்த்தோசைட் காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல மேலே மிதந்து உறைந்தது என்பது அறிவியலாளர்களின் கருத்து. அதற்கு, அதுவரை எவரும் இறங்காத தென் உயர் அட்சப் பகுதியிலிருந்து கிடைத்த சான்று அது. சித்தம்பூண்டிப் பாறை அவ்வாறு பிறந்ததன்று. பூமியின் மேலோட்டுக்குள் உருவாகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி வெளிப்பட்டது அது; அதிலுள்ள சில கனிமங்களின் கட்டமைப்பில் நீரின் கூறு கலந்திருக்கும். நிலவுப் பாறையோ வறண்டது. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பாறைகள் வெவ்வேறு வரலாற்றைச் சொல்கின்றன.

இவ்வளவும் போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களில் எப்படி மாறுகிறது? ‘சந்திரயான் சோதனைக்கு மண் அனுப்பிய மாவட்டம் எது? விடை: நாமக்கல்.’ ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஏன் நாமக்கல் என்ற வினா எழுவதில்லை. தன் தோட்டத்து வரப்பில் கிடக்கும் கல்லுக்கும் பௌர்ணமி நிலவின் வெளிச்சப் பகுதிக்கும் உள்ள உறவை, அந்த மாவட்டத்து மாணவரே அறியாமல் மதிப்பெண் பெற்றுவிட முடிகிறது.

மதிப்பெண்ணின் தலைநகரம்

கோழிப்பண்ணை, லாரித் தொழில், திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் என்று உழைப்பால் பெயரெடுத்த பகுதி இது. மழை பொய்த்த மேட்டுநிலத்தில் கல்வியும் அப்படியொரு முதலீடாகவே பார்க்கப்பட்டது. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில் மாநில அளவிலான இடங்கள் இந்த மாவட்டத்தைத் தேடி வந்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பலருக்கு இப்பள்ளிகள் ஏணியாக இருந்திருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லாத காலத்தில், பள்ளிகள் பல அந்த ஆண்டின் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. இதை முன்னிட்டே 2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு மாநில அளவிலான இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது; பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. எட்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் அந்தப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொதுத் தேர்வு எழுதுவது பதின்பருவத்தினர்க்குப் பெருஞ்சுமை. அந்தச் சுமையை இறக்கியதை நான் வரவேற்கிறேன். எனினும் இந்த முடிவால் எந்தப் பாடம் மீண்டும் ஒதுக்கப்படும் ஆபத்துக்கு உள்ளாகிறது என்பதைப் பலரும் கவனிக்கவில்லை.

ஈர்ப்பியலுக்குள் ஒளிந்திருக்கும் வானம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வானியலைக் காரணகாரியத்தோடு விளக்கும் பகுதி ஒன்று உண்டென்றால் அது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் ஆறாவது அலகான ஈர்ப்பியல். 2018இல் வந்த புதிய பாடநூலில் கெப்ளர் விதிகள், விடுபடு வேகம், துணைக்கோள்களின் இயக்கம் ஆகியவற்றோடு வானியலின் அடிப்படைக் கருத்துகளும் தனியாக இடம்பெற்றன. சூரியனை மையமாகக் கொண்ட கொள்கை எப்படி வென்றது, எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு நிழலை வைத்துப் பூமியை எப்படி அளந்தார், மாதந்தோறும் கிரகணம் ஏன் வருவதில்லை, பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன என்றெல்லாம் அங்கே பேசப்படுகிறது. பாராட்டத்தக்க பாடம் அது.

பொதுத் தேர்வு இல்லாத பிளஸ் ஒன் ஆண்டில் அந்தப் பாடத்தின் நிலை என்னவாகும்? நீட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் ஈர்ப்பியலைப் படித்தே ஆக வேண்டும் என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அவர்களுக்குத் தேவைப்படுவது விடுபடு வேகத்தின் வாய்பாடும், கோளின் ஆரம் இரு மடங்கானால் அது என்னவாகும் என்ற கணக்கும். எரட்டோஸ்தனிஸின் நிழல் அங்கே கேட்கப்படுவதில்லை. பொதுத் தேர்வும் கேட்காது, நுழைவுத் தேர்வும் கேட்காது என்ற நிலையில், மாநிலத்தின் மிகச் சிறந்த வானியல் பக்கங்கள் விரல் படாமல் கிடக்க நேரும்.

படித்தவர்களின் அறியாமை

வாய்பாடும் பெயரும் தெரிந்தவர்களுக்கு வானம் விளங்கியிருக்கும் என்று நினைப்பது தவறு. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. 1987இல் மேத்யூ ஷ்னெப்ஸ், பிலிப் சாட்லர் ஆகியோர் எடுத்த ஆவணப்படம் ஒன்று கல்வியாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள், ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் என 23 பேரிடம் பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்றோ, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்றோ கேட்டார்கள். 21 பேரின் விளக்கத்தில் தவறான புரிதல் இருந்தது. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் செல்கிறது என்பது அவர்களில் பலரின் விளக்கம்.

நம் ஊரில் இந்தத் தவறான விளக்கத்தை உடைக்க ஒரு செய்தியே போதும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அதாவது மார்கழிக் குளிரில். அப்போது தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ.; ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. அருகில் இருக்கும்போது குளிர்கிறதென்றால் காரணம் தொலைவாக இருக்க முடியாது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே காரணம் என்ற முடிவுக்கு மாணவர் தாமாகவே வந்து சேர்வார். ‘பூமியின் அச்சு எத்தனை பாகை சாய்ந்துள்ளது?’ என்று கேட்டு 23.5 என்ற எண்ணைப் பெறுவதைவிட, மார்கழி ஏன் குளிர்கிறது என்று கேட்பது ஆழமான சோதனை.

நம் நிலை குறித்த எச்சரிக்கை முன்பே வந்திருக்கிறது. மனப்பாடத்தைவிட அறிந்ததைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும் ‘பிசா’ என்னும் பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. கல்வியில் முன்னணி என்று நாம் கருதும் இரு மாநிலங்களின் நிலை அது. பள்ளித் தேர்வில் தேர்ச்சி விகிதம் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் இது நிகழ்ந்தது.

விடைக்குறிப்பின் ஆயுள்

பெயர்களையும் எண்களையும் மட்டும் சோதிப்பதில் இன்னொரு குறையும் உண்டு. அவை விரைவில் பழையனவாகிவிடுகின்றன. சனிக்கோளின் நிலவுகள் எத்தனை என்ற வினா வழிகாட்டி நூல்களில் தவறாமல் இடம்பெறும். 2025 மார்ச்சில் மட்டும் புதிதாக 128 நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டு, மொத்த எண்ணிக்கை 274 ஆக உயர்ந்தது. பழைய எண்ணை மனனம் செய்தவர், புதிய எண்ணை மனனம் செய்தவர் இருவருக்கும் சனியைப் பற்றித் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றே. மிகச் சிறிய பாறைகளையும் காணும் அளவுக்குத் தொலைநோக்கிகளும் கணினி முறைகளும் வளர்ந்துள்ளன என்பதே அந்த எண் மாறியதன் பொருள். அதை எவரும் கேட்பதில்லை.

சில விடைக்குறிப்புகள் தொடக்கத்திலேயே துல்லியம் குறைந்தவை. ‘சந்திரயான்-3 நிலவின் எந்தப் பகுதியில் இறங்கியது? தென் துருவம்’ என்று ஆயிரக்கணக்கான குறிப்பேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. விக்ரம் இறங்கியது ஏறத்தாழ 69 பாகைத் தென் அட்சத்தில். அங்கிருந்து தென் துருவம் 600 கி.மீ.க்கும் அதிகத் தொலைவு. தென் துருவத்தை நோக்கிய பகுதியில், அதுவரை எவரும் இறங்காத உயர் அட்சத்தில் இறங்கியது என்பதே சரியான கூற்று. அதற்கே உரிய பெருமை போதுமானது. கூட்டிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான்கு விருப்பங்களில் ஒன்றாகத் ‘தென் துருவம்’ நிற்கும்போது, உண்மையை அறிந்த மாணவரும் அதையே குறித்தாக வேண்டும்.

கொள்குறி வினாவே குற்றவாளியா?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்வைப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். அத்தனை பேரின் விளக்க விடைகளைத் திருத்துவது இயலாது. அதைவிட முக்கியமாக, கொள்குறி வினாவில் கையெழுத்தும் மொழிநடையும் திருத்துபவரின் மனநிலையும் குறுக்கிடுவதில்லை. பரிந்துரைக்க ஆளில்லாத எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை.

நான்கு விருப்பங்களுக்குள்ளும் சிந்தனையைச் சோதிக்க முடியும் என்பதே என் வாதம். மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது: 2023 ஆகஸ்ட் 23 மாலை நாமக்கல்லில் நிலவு எப்படித் தெரிந்தது? அமாவாசை, பௌர்ணமி, வளர்பிறையில் ஏறத்தாழ அரை நிலவு, தேய்பிறையில் ஏறத்தாழ அரை நிலவு என நான்கு விருப்பங்கள். அன்று வளர்பிறை சப்தமி. விக்ரம் சூரிய ஒளியில் இயங்கும் கலம். இறங்குமிடத்தில் பொழுது விடிந்த தொடக்கத்திலேயே அது இறங்கினால்தான் பதினான்கு புவி நாள்கள் நீளும் நிலவின் பகல் முழுதும் வேலை செய்ய முடியும். நிலவின் முகத்தில் விளக்கு வெளிச்சம்போல மெல்ல நகரும் பகலின் எல்லைக்கோடு அந்த இடத்தைக் கடந்த வேளை வளர்பிறையின் நடுப்பகுதி. இதை விளங்கிக்கொண்ட மாணவருக்குத் தேதியை மனனம் செய்ய வேண்டியதில்லை. நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இரண்டாவது: ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் இருக்கும்போது குலசேகரப்பட்டினத்தில் இன்னொன்று ஏன்? அதற்கு அடிக்கல் நாட்டப்பட்ட நாள் 2024 பிப்ரவரி 28 என்பது ஒரு வகை விடை. துருவச் சுற்றுப்பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவப்படும் ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டால் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து செல்ல வேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது. சிறிய ஏவுகலத்துக்கு அந்த இழப்பு பெரிது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே செல்லலாம் என்பது மற்றொரு வகை விடை. ஒரு நிலப்படத்தையும் நான்கு விருப்பங்களையும் கொடுத்து இதைக் கேட்க முடியும்.

மூன்றாவது: ஜூன் மாத நண்பகலில் சேலத்தில் நட்ட ஒரு கம்பத்தின் நிழல் எந்தத் திசையில் விழும்? வடக்கு என்று பலர் சொல்வார்கள். நிழலே இருக்காது என்று சிலர் சொல்வார்கள். தெற்கே விழும் என்பதே சரி. ஏப்ரல் இறுதி வாரம் தொடங்கி ஆகஸ்ட் இறுதி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சன்னலில் வெயில் விழும் மாதங்கள் எவை என்று வீடு கட்டும் கொத்தனாருக்குத் தெரியும். தேர்வு கேட்டால் மாணவருக்கும் தெரியும்.

நிழலற்ற நண்பகல்

தேசிய விண்வெளி நாளுக்கும் இந்தச் சமவெளிக்கும் ஓர் அரிய பொருத்தம் இருக்கிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள்கள் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு அப்போது நிழல் இருக்காது. சென்னைக்கு அந்த நாள் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வரும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஆகஸ்ட் 22 முதல் 24க்குள் வரும். மற்றொன்று ஏப்ரல் 20ஐ ஒட்டியது. ஆகஸ்ட் 23 அன்று பகல் ஏறத்தாழ 12.20 மணிக்கு இவ்விரு ஊர்களிலும் ஒரு மீட்டர் கம்பத்தின் நிழல் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது.

அதே வேளையில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி ஒரு மீட்டர் கம்பத்தின் மிகக் குறுகிய நிழலை அளந்தால் அது ஏறத்தாழ 6 செ.மீ. நீளத்தில் தெற்கு நோக்கி விழுந்திருக்கும். இரு பள்ளிகளும் ஒரு கைபேசி அழைப்பில் அளவைப் பகிர்ந்துகொண்டால் போதும். சேலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வடக்கு தெற்காக உள்ள நேர்த்தொலைவு 400 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நிழல் காட்டும் கோணம் முழு வட்டத்தில் நூறில் ஒரு பங்கை ஒட்டியது. பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.யை ஒட்டிக் கிடைக்கும். ஐந்து விழுக்காடு வரை பிழை வரலாம். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது, சூரியன் அன்று சேலத்துக்கு மிகச் சரியாக உச்சியில் நின்றதா, கம்பம் செங்குத்தாக இருந்ததா என்று ஆராய்வது அடுத்த பாடம். எரட்டோஸ்தனிஸ் செய்ததைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் தம் பள்ளி மைதானத்தில் செய்துவிடலாம். செலவு ஒரு கம்பமும் ஓர் அளவுகோலும். வானம் மூடியிருந்தால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் முயலலாம்.

உற்றுநோக்கலையும் தேர்வாக்க முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2007இல் தாய்லாந்தில் தொடங்கி, 2016இல் புவனேசுவரத்திலும் 2025 ஆகஸ்டில் மும்பையிலும் நடந்த பன்னாட்டு வானியல், வானியற்பியல் ஒலிம்பியாடில் கோட்பாட்டுத் தாளோடு தரவுப் பகுப்பாய்வும் உற்றுநோக்கல் தேர்வும் உண்டு. அது ஒரு சில திறனாளர்களுக்கானது. அதன் எளிய வடிவத்தை எல்லா மாணவர்களுக்கும் கொண்டுவருவதில் தடையேதும் இல்லை. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்முறை வழி அறிவியலுக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் இதற்கு ஏற்ற களம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, முறையான கண்ணாடிகளோடு பெற்றோரும் பிள்ளைகளும் திரண்டு வந்து பார்த்ததை நாம் கண்டோம். மக்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை.

செய்ய வேண்டியவை

பிளஸ் ஒன் பொதுத் தேர்வை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் கோரவில்லை. மூன்று மாற்றங்களைக் கோருகிறேன்.

ஒன்று, பிளஸ் ஒன் பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றனவா என்பதைப் பள்ளிக்கல்வித் துறை கண்காணிக்க வேண்டும். ஈர்ப்பியல் அலகின் வானியல் பகுதிக்கு அகமதிப்பீட்டில் ஒரு செய்முறையைக் கட்டாயமாக்கலாம். நிழல் அளப்பதோ, ஒரு மாதம் நிலவைத் தொடர்ந்து பார்த்துக் குறித்து வைப்பதோ போதும். அதை ஒரே நாளில் விடுதி அறையில் அமர்ந்து இட்டுக்கட்ட முடியாது என்பது அதன் சிறப்பு.

இரண்டு, அரசுப் பணியாளர் தேர்வாணையம் பொது அறிவுத் தாளின் அறிவியல் பகுதியில் ‘ஏன்’, ‘எப்படி’ வினாக்களின் பங்கைக் கூட்ட வேண்டும். தேர்வாணையம் வினாவை மாற்றினால் ஆறு மாதங்களில் வழிகாட்டி நூல்கள் மாறும். பயிற்சி மையங்களும் மாறும். தேர்வுச் சந்தையின் இயல்பு அது. அந்த இயல்பை நல்லதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்று, சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்கள் விண்வெளி நாளை நிழலற்ற நண்பகலோடு இணைத்துக் கொண்டாட வேண்டும். பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோடு சித்தம்பூண்டிப் பாறைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். பாறையைக் கையில் கொடுத்து, மாலையில் நிலவைக் காட்டி, இதன் உறவினர் அங்கே எங்கே இருக்கிறார் என்று கேட்கலாம்.

தேர்வை எப்படி வெல்வது என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம் நாமக்கல். வினா மாறினால் அந்த உழைப்பும் ஒழுங்கும் புதிய வினாவை நோக்கித் திரும்பும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற வேண்டியவர்கள் வினாவைத் தயாரிப்பவர்கள்.